சிப்பி நின்ற இடம்

பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, நாஸ்தா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கோமளா. தேசப்பன் அண்ணனின் தம்பி மனைவி. அந்த வீட்டிலிருந்து எனக்குக் காலை நேரத்தில் போன் வந்ததே கிடையாது. எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"மாமா பூட்டாரு, வேலண்ணா" என்றார். அழவில்லை. பிறகு சொன்னார்: "சிப்பி அங்கயேதான் கீது. நீதான் வந்து நகத்தணும்னு சொல்லிட்டுப் போனாரு."

ரயிலிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் பழவேற்காட்டுக்கு வண்டி வருமா என்று கேட்டது. அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஊரார் முன்னால் படிக்க இரண்டு பக்கம் எழுதித் தரும்படி படகுக்காரப் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். உங்களுக்குத்தான் அண்ணனை ரொம்ப வருடமாகத் தெரியும் என்றார்கள். அது உண்மை. பஸ் ஸ்டாண்டில் அவர்கள் கட்டிய பேனரில் "வரலாற்று நாயகன்" என்று போட்டிருக்கிறது. அண்ணன் உயிரோடிருந்து அதைப் பார்த்திருந்தால் கிழித்துப் படகுக்குத் தார்ப்பாயாகப் போட்டிருப்பார். ஆகையால் அப்படியெல்லாம் எழுதப் போவதில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களும் இங்கே இருக்கலாம் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் மீனவன் இல்லை. பொன்னேரிப் பக்கத்து ஆள். ஆட்டோ வாங்கிய புதிதில், சென்னையிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியைப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குக் கூட்டி வந்தேன். எனக்கு அந்த இடத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன அல்லவா, அந்த அம்மாள் அவற்றைப் பார்த்துவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று நின்றுவிட்டார். பக்கத்தில் கைலியும் முண்டாசுமாக உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். "பயப்படாதீங்கம்மா. இவங்கதான் இங்க வாட்ச்மேனுங்க. முந்நூறு வருசமா லீவு கூட போட்டதில்ல" என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அவர்தான் தேசப்பன் அண்ணன்.

அப்போது அவருக்கு இது தொழில் இல்லை. ஏரித் தொழில்தான். ஏரிக்குப் போகாத நாட்களில் கல்லறைக்கு வந்து உட்காருவார். எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. ஆனால் டச்சுக்கார ஊரிலிருந்து தன் முன்னோரைத் தேடி வந்த ஒரு வயதான பெண்மணி, நான்கைந்து நாள் இங்கேயே தங்கி ஒவ்வொரு கல்லாகப் படித்திருக்கிறார். கூட வந்த ஒருவர் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் அத்தனையையும் தலையில் ஏற்றிக்கொண்டார். எந்தக் கல்லின் கீழ் வியாபாரி, எந்தக் கல்லின் கீழ் சிப்பாய், எந்தக் கல்லில் தாயும் பிள்ளையும் ஒரே வருடத்தில் செத்தார்கள் என்பது எல்லாம் அவருக்குத் தெரியும். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே சொல்வார். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்து யார் என்று சொல்லியிருப்பார்.

எனக்குப் பிழைப்பு அவரால்தான் நிமிர்ந்தது. நான் ஆட்களைக் கொண்டுவருவேன். அவர் கல்லறை, முட்செடி மூடிய கோட்டை, அகழி, பள்ளிவாசலில் இருக்கிற நிழல் கடிகாரம் என்று சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் படகில் ஏற்றி ஏரியையும் காட்டுவார். கோட்டையில் காட்ட ஒன்றுமே இல்லை, கருவேல முள்ளும் செங்கல் குவியலும்தான். அதையும் இவர் சொல்லிக் கேட்டால் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

இனி எழுத வேண்டியது கஷ்டமான பகுதி.

ஏரித் தொழிலில் பாடு என்பது என்ன என்று ஊராருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியூரார் இருந்தால் அவர்களுக்காக: முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற நல்ல இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. முறை வைத்துத்தான் கட்டுவார்கள். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒருவரால் தன் பாட்டுக்குப் போக முடியாவிட்டால் தலைவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பாடு அடுத்தவருக்குப் போகும். நீங்களாக உங்களுக்கு வேண்டியவரை அனுப்பக்கூடாது, அது கூடப்பிறந்த தம்பியாகவே இருந்தாலும். இந்தக் குப்பத்தில் இதைவிடப் பெரிய கட்டுப்பாடு கிடையாது.

அண்ணனின் பாடு வந்த ஒரு நாளில் நான் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எல்லாரும் வெளியூர்க் கல்லூரிக்காரர்கள். முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். நான்தான் தேதியைக் கவனிக்காமல் ஒப்புக்கொண்டேன். அண்ணன் வீட்டு வாசலில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு முடியாது, பாட்டுக்குப் போகிறேன் என்றார். எனக்கு எட்டுப் பேரைத் திருப்பி அனுப்ப மனம் இல்லை. இனிமேல் யாரும் என்னை நம்பி வர மாட்டார்கள் என்று பயம். தம்பி சேகர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னேன்: "தம்பிய அனுப்புண்ணா. யாருக்குத் தெரியப் போவுது?"

அண்ணன் யோசித்தார். சேகர் போக விரும்பவில்லை. அதை நான் என் காதால் கேட்டேன். "வேணாம்ணா, ஊர்ல தெரிஞ்சா பேஜாராயிடும்" என்றார். நான் விடவில்லை. ஒரே ஒரு நாள்தானே என்றேன். கடைசியில் அண்ணன், "போய்ட்டு வாடா, நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணன் பேச்சைத் தட்டாத பிள்ளை சேகர். வலையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று கல்லறையில் அண்ணன் நன்றாகப் பேசினார். எட்டுப் பேரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் காற்று திரும்பியது. வடிநீர் முகத்துவாரத்தில் கடலுக்கு வேகமாக இழுத்துக்கொண்டிருந்தபோது சேகரின் படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது. வலையில் பாதி கிடைத்தது. சேகர் கிடைக்கவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்து ஆட்கள் ஃபைபர் படகுகளில் நான்கு நாள் கடலில் தேடினார்கள். கோமளா அப்போது மாசமாக இருந்தார்.

ஊர் கூடியது. சேகர் அண்ணனுக்குத் தெரியாமல் பாட்டைத் திருடிக்கொண்டு போனான், ஏரி கேட்டுவிட்டது என்று பேச்சு பரவியிருந்தது. அண்ணன் எழுந்து, "நாந்தான் அனுப்பினேன்" என்றார். யாரும் நம்பவில்லை. செத்த தம்பியின் பெயரைக் காப்பாற்ற அண்ணன்காரன் பொய் சொல்கிறான் என்றார்கள். அப்போது ஒரு பெரியவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, அன்றைக்கு நீ அங்கேதானே இருந்தாய், என்ன பேசினார்கள் என்று கேட்டார்.

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. வெளியூர்க்காரனால்தான் இந்த உயிர் போனது என்று தெரிந்தால் என்னை அடித்தே கொன்றிருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன். அடிக்காவிட்டாலும் இனி இந்தப் பக்கம் வண்டி விட முடியாது. நான் சொன்னேன்: "நான் வண்டியத் திருப்பிக்கினு இருந்தேன். ஒண்ணும் காதுல விழல."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குடும்பத்துக்குப் பாடு நிறுத்தப்பட்டது. சேகரின் பெயர் பாட்டுத் திருடன் என்றே நின்றுவிட்டது. அவர் முகத்தையே பார்க்காத மகள் அந்தப் பெயரோடுதான் இந்த ஊரில் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சண்டை போட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்களாம்.

என்னை அவர் விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாதம் நான் வரவில்லை. பிறகு வயிறு இழுத்து வந்தது. கல்லறை வாசலில் உட்கார்ந்திருந்தார். "இன்னா வேலு, ஆளக் காணோம்" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓங்கி ஓர் அறை கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அதிலிருந்துதான் அவருக்குக் கல்லறையே முழு வேலையாயிற்று. சிப்பியும் அப்போதுதான் வந்தது.

ஏரியிலிருந்து எடுத்த ஒரு பெரிய ஆளிச் சிப்பி. அதை ஒரு கல்லின் மேல் வைப்பார். அன்றைக்கு யார் வந்தாலும் அந்தக் கல்லில் இருப்பவரைப் பற்றித்தான் சொல்வார். மறுநாள் சிப்பி அடுத்த கல்லுக்குப் போகும். வரிசை தவறாது. ஆட்கள் கடுப்பாவார்கள். மூணு மணி நேரம் டிராஃபிக்கில் வந்தோம், ஒரே ஒரு சமாதியைக் காட்டுகிறீர்களே என்று ஒருவர் என்னிடம் எகிறினார். கோபுரம் மாதிரி கட்டின பெரிய சமாதியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால், "அவரு பாடு போன வாரம் முடிஞ்சிது சார். இன்னிக்கு இந்தக் கொழந்தையோட பாடு" என்பார். அந்தக் குழந்தை பிறந்து எத்தனை நாள் இருந்தது, எந்த மாதம் போனது, தகப்பன் எந்தக் கிடங்கில் துணி எண்ணினான் என்று சொல்லுவார். எகிறியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

நான் கூடக் கேலி செய்திருக்கிறேன். செத்தவர்களுக்கு எதற்கண்ணா முறை, அவர்கள் என்ன இறாலா பிடிக்கப் போகிறார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "முறைய ஒருதபா மீறினேன்ல" என்றார்.

வரிசையின் கடைசியில், மதிலோரம் ஒரு மூலையில் கல்லே கிடையாது. வெறும் புல். சிப்பி அங்கேயும் ஒரு நாள் நிற்கும். அன்று அவர் குரலே வேறாகிவிடும். "அந்தக் காலத்துல இங்கேர்ந்து ஆளுங்களையும் கப்பல்ல ஏத்திக்கினு போனாங்க. பஞ்சத்துல வித்தவங்க, புடிச்சிக்கினு போனவங்க. ஏறினது தெரியும். எங்க எறங்கினாங்கன்னு தெரியாது. அவங்களுக்குக் கல்லு இல்ல. அதான் இந்த எடம்." இதற்கு மேல் பேச மாட்டார். வந்தவர்கள் போன பிறகும் அங்கேயே நிற்பார், முகத்துவாரம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு.

கப்பலில் போனவர்களுக்காகத்தான் அந்த இடம் என்பது பொய் இல்லை. ஆனால் அவர்களோடு சேர்த்து இன்னொருவருக்கும் அந்தப் பாடு உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாயும், பின்சீட்டில் யாரோ உட்கார்ந்ததைப் போல. ஏரிச் சேற்று வாசனை வரும். கண்ணாடியைப் பார்க்க மாட்டேன். மெக்கானிக்கிடம் காட்டினேன்; வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றார். பட்டப்பகலில், வெயில் காயும் ரோட்டில், நடுங்கிக்கொண்டே பொன்னேரி போய்ச் சேர்ந்த நாட்கள் எத்தனையோ. யாரிடம் சொல்வது?

போன மாதம் கல்லறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். நான் போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர் ஆட்கள் வருகிறார்கள், ஏரியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். சொல்ல வேண்டியதை மென்று விழுங்கினேன். அதுதான் கடைசி.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு நான் மட்டும் கல்லறைக்குப் போனேன். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் உள்ளே நுழைவது அதுதான் முதல் தடவை. என் கணக்குப்படி சிப்பி நடு வரிசையில் ஒரு சிப்பாயின் கல்லில் இருக்க வேண்டும். இல்லை. கல் இல்லாத அந்த மூலையில் புல் நடுவே கிடந்தது. நெஞ்சு வலித்த அன்று வரிசையை விட்டு அவரே கொண்டுபோய் வைத்திருக்கிறார். சேகர் போன நாளுக்குப் பிறகு ஒரு முறைகூட முறை தவறாத மனுஷன்.

மூலையில் கோமளா நின்றிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார். நான் குனிந்து சிப்பியை எடுக்கப் போகும்போது, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி எங்களிடம் வந்தார்கள். இங்கே ஒருவர் கதை சொல்வாராமே, நீங்கள்தானா என்று என்னைக் கேட்டார்கள். இந்த இடத்தில் ஒன்றுமே இல்லையே, எதற்குச் சிப்பி என்றும் கேட்டார்கள்.

ஆமாம் என்றேன். அண்ணன் சொல்வதைப் போலவே ஆரம்பித்தேன். கப்பல், பஞ்சம், ஏறினவர்கள். இறங்கியது தெரியாது என்பது வரை வந்தேன். பிறகு நான் சொன்னது அண்ணனின் வார்த்தை இல்லை.

"இன்னிக்கு சேகரோட பாடு. அவரு திருடல. வேணாம்னு சொன்னாரு. நான்தான் அனுப்பச் சொன்னேன். ஊரு கேட்டப்ப காதுல விழலன்னு பொய் சொன்னவன் நான்."

அந்தத் தம்பதிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அந்த அம்மாள் கைகூப்பினார். அவர்கள் நகர்ந்ததும் நான் கோமளாவின் காலில் விழப் போனேன். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்ணா. மாமா அப்பவே சொல்லிட்டாரு" என்றார். "நான் அன்னிக்கே உன் வண்டிய மறிச்சு நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டிருப்பேன். மாமாதான் தடுத்தாரு. அவனுக்கும் ஒரு பாடு வரும், அவனா வந்து சொல்லட்டும்னாரு. உன்கூடவே தெனமும் உக்காந்து காத்துக்கினு இருந்தாரு. நீ வாயத் தொறக்கல."

நான் அழுதேன். இத்தனை வருடம் அந்த வாசலில் அவர் என்னை மன்னித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்தபோதும் அதற்குத்தான். நான் ஏரித் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுபடி சிப்பியிடம் குனிந்தேன். கோமளா தடுத்துவிட்டார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? ஊர்ல சொல்லு. எம் பொண்ணு காதுல விழணும். அப்புறம் நகத்து."

அதனால்தான், ஊர்ப் பெரியவர்களே, பிள்ளைகள் கேட்ட இரண்டு பக்கத்தை நான் இவ்வளவு நீட்டிவிட்டேன். தேசப்பன் அண்ணன் அன்றைக்கு உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. சேகர் பாட்டைத் திருடவில்லை. அண்ணன் சொல்லித்தான் அவர் போனார், அண்ணனைச் சொல்ல வைத்தது நான். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நாளை முதல் இந்த ரோட்டில் என் வண்டி வரக்கூடாது என்றாலும் சரி. அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். முன் வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணே, உன் அப்பா வேண்டாம் என்றார். அதைச் சொல்ல எனக்கு உன் வயசு அளவு காலம் ஆகிவிட்டது.

இதைப் படித்து முடித்ததும் நான் நேராகக் கல்லறைக்குப் போகிறேன். வர நினைப்பவர்கள் வரலாம். சிப்பி முதல் வரிசையின் முதல் கல்லுக்குப் போகும். அது ஒரு கைக்குழந்தையின் கல். யாராவது வந்து கேட்டால் எனக்குத் தெரிந்தவரை சொல்வேன்.

அண்ணா, தம்பியின் பாடு முடிந்தது. என்னுடையதும்தான். நீங்கள் இனி எழுந்து வீட்டுக்குப் போகலாம்.